சும்மா இருங்கோடா: மார்கழி விடுமுறையில் அம்மாமார் விடுகிற பிழைகள்

கனடாவில் இருக்கிற என் தங்கச்சி ஒரு மார்கழியில் போன் எடுத்து அழாக்குறையாகச் சொன்னாள்: "அக்கா, இங்க விண்டர் லீவு. வெளியில முழங்கால் மட்டும் ஸ்னோ. ரெண்டு பெடியளும் வீட்டுக்குள்ள நிண்டு என்ர உயிரை எடுக்கிறாங்கள்." எனக்குச் சிரிப்பு வந்தது. இலங்கையின் வன்னியில் இருக்கிற எங்கள் விசுவமடுவில் ஸ்னோ இல்லை, மழை. ஐப்பசியில் பிடித்தால் தைப்பொங்கல் மட்டும் விட்டுவிட்டுப் பெய்யும். அதற்கு நடுவில்தான் மூன்றாம் தவணை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டும். முற்றம் முழுக்கச் சேறு, கொடியில் காயாத உடுப்பு, வீட்டுக்குள் பத்து, ஏழு, நாலு வயதில் மூன்று பெடியள். தகப்பன் விடிய வயலுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார்.

ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். காலமை எழும்பினதில் இருந்து மத்தியானம் சோறு வடிக்கிற நேரத்துக்குள் "சும்மா இருங்கோடா" என்று நாற்பது தரத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன். ஒருத்தனும் சும்மா இருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் விடுமுறையில் நான் விட்ட பிழைகள் முக்கால்வாசியும் இந்தச் சொல்லுக்குள்தான் கிடக்கின்றன. சும்மா இருக்கட்டும் என்றுதான் போனைக் கொடுத்தேன், ரியூசனுக்கு அனுப்பினேன், கதவைப் பூட்டினேன், வெருட்டினேன்.

போன் கதை எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கொடுத்தது அவ்வளவு பிழையில்லை, கொடுத்த நேரம்தான் பிழை. சின்னவன் கத்தினான், கொடுத்தேன். அடுத்தநாள் அவனுக்குப் போன் வேண்டியிருந்தது, கத்தினான். இரண்டே நாளில் பாடம் படித்துவிட்டான், பள்ளிக்கூடம் போகாத பிள்ளை! இப்போது பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு ஒரு தரம், விறாந்தையில் என் கண்ணுக்கு முன்னால். கத்தினால் அன்றைக்கு இல்லை. இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. முதல் மூன்று நாள் வீடு ரணகளமாக இருக்கும். நாலாம் நாள் அடங்கும்.

ரியூசனைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பெரியவனுக்கு வாற வருசம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. விடுமுறை தொடங்கின அன்றே காலமை ஒரு வகுப்பு, பின்னேரம் ஒரு வகுப்பு என்று போட்டேன். போரில் எல்லாம் இழந்த சனம் படிப்பை மட்டும் விடக்கூடாது என்று நினைக்கிறதில் நியாயம் இருக்கிறது, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மழைக்குள் சைக்கிளில் போய், ஈரக் காற்சட்டையோடு வாங்கிலில் இருந்து, திரும்பி வந்து கொப்பியைத் தூக்கி எறிந்தான். என்ன படித்தாய் என்று கேட்டேன். "படிக்கேல்லை, இருந்தனான்" என்றான். இப்போது ஒரு வகுப்புத்தான். மற்றதுக்குப் பதிலாகக் காலமை ஒரு மணித்தியாலம் தம்பிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தம்பியின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எந்த வினாத்தாளையும் விடக் கஷ்டம்.

அடுத்தது மழை. "நனைஞ்சால் தடிமன் வரும்" என்று கதவைச் சாத்தி வைப்போம். தடிமன் கிருமியால் வருகிறது. பூட்டின அறைக்குள் மூன்று பேரும் ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் தும்மிக்கொண்டு கிடந்தால்தான் அது சுகமாகப் பரவும். இடி மின்னல் இல்லாத மழையில் முற்றத்தில் அரை மணித்தியாலம் குதிக்க விட்டு, பிறகு குளிக்க வார்த்து, தலையை நல்லாகத் துவட்டி, ஒரு மல்லிக்கோப்பி கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அன்று இரவு என்ன மாதிரி நித்திரை கொள்வாங்கள் தெரியுமோ!

ஆனால் முற்றத்து மழை வேறு, வாய்க்கால் தண்ணி வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்காமல் விடுவதுதான் பெரிய பிழை. வயல் வரம்பிலும் கானிலும் தேங்கின தண்ணியில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் உள்ளே போய்விடும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அதனால் ஆட்கள் செத்தது நினைவிருக்கும். டெங்குவுக்கும் எங்கள் பக்கம் இதே மாதங்கள்தான் உச்சம். சிரட்டை, யோகட் கோப்பை, பழைய ரயர், தறப்பாள் மடிப்பு எல்லாவற்றிலும் நுளம்பு முட்டையிடும். முட்டையில் இருந்து பறக்கிற நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலமை எங்கள் வீட்டில் "சிரட்டை வேட்டை". கூடக் கவிழ்க்கிறவனுக்குப் பொரியலில் கருகின துண்டு. ஏனோ அதுக்குத்தான் சண்டை.

காய்ச்சல் வந்தால் பனடோலை (பரசிற்றமோல்) தவிர வேறு காய்ச்சல் குளிசை கொடுக்க வேண்டாம். அஸ்பிரின், இபுபுரூஃபன் இரண்டும் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். பனடோலையும் "அரைக் குளிசை" என்று கண்மதிப்பில் கொடுக்கக் கூடாது. ஒரு கிலோ நிறைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால். இரண்டு நாள் தாண்டினால் இரத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் "சுகம் வந்திட்டுது" என்று நாங்கள் மூச்சு விடுவோம். டெங்குவில் ஆபத்து தொடங்குகிறது பலவேளை அந்த நேரத்தில்தான். வயிற்று வலி, விடாத சத்தி (வாந்தி), சோர்ந்து கிடக்கிறது, சலம் (சிறுநீர்) குறைகிறது, இதில் ஒன்றைக் கண்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ.

இனி குளம். குளம் நிரம்பி மிச்சத் தண்ணி வழிகிற இடத்தை வான் என்போம். வான் பாயுது என்றால் வன்னியில் அது ஒரு திருவிழா. மோட்டார் சைக்கிளில் குடும்பம் குடும்பமாகப் போய்க் குளக்கட்டில் நிற்போம், கச்சான் விற்கிறவரும் வந்துவிடுவார். நானும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். சின்னவன் இடுப்பில், நடுவிலான் கையில், பெரியவன் முன்னால். வானுக்குக் கீழே பெடியள் கெளிறு பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிசம், படம் எடுக்க என்று நடுவிலானின் கையை விட்டேன். திரும்பிப் பார்க்க அவன் கணுக்கால் தண்ணியில் நிற்கிறான், கால் இழுபடுகிறது, முகத்தில் சிரிப்பு. பக்கத்தில் நின்ற ஒரு ஐயா அவனுடைய சேட்டுக் கொலரில் பிடித்துத் தூக்கினார். எனக்கு ஒரு சொல் பேசவில்லை, அவர் பார்த்த பார்வை போதும். அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது.

ஓடுகிற தண்ணி அரை அடி இருந்தாலே பெரிய ஆளைத் தள்ளிவிடும். பிள்ளை தாழுகிறபோது படத்தில் வாற மாதிரிக் கையடித்துக் கூப்பிடாது, சத்தமில்லாமல் போய்விடும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்தால் கனகராயன் ஆற்றுக் கரையில் தண்ணி எப்படி ஏறும் என்பதை 2018 மார்கழி 21 இரவு நித்திரையில் இருந்து எழும்பி ஓடின ஆட்களைக் கேட்டுப் பாருங்கோ. "குளத்துப் பக்கம் போகாதை" என்று மட்டும் சொல்வதும் பிழை, ஏனென்றால் போவாங்கள். எந்தக் கிணற்றுக்குக் கட்டில்லை, எந்தக் கிரவல் கிடங்கு மழைக்கு நிரம்பியிருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். பார்க்கச் சேற்றுத்தண்ணி மாதிரித்தான் இருக்கும். நான் ஒரு நீளக் கம்பை விட்டு ஆழம் காட்டினேன். கம்பு முழுக்க உள்ளே போனதும் மூன்று பேரும் ஒரு சொல் பேசவில்லை.

மழை மண்ணைக் கரைக்கக் கரைக்க உள்ளே கிடந்தது வெளியே வரும். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், எறியாமல், வந்த வழியே திரும்பி வந்து பெரிய ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், நாங்கள் பொலிசின் 119 க்குச் சொல்ல வேண்டும். "தொட்டால் அடிப்பன்" என்று சொன்னால் கண்டதையே ஒளிப்பாங்கள். சொன்னதுக்கு ஒருநாளும் அடி விழாது என்று அவங்களுக்குத் தெரிய வேண்டும்.

புல்லு மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே அதை எடுத்துப் பூட்டி வையுங்கோ. பிள்ளை குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்க வேண்டாம், போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. குளிருக்கு இதமாக நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிறதும் இந்த மாதங்களில் சரியில்லை. வெள்ளத்துக்கு ஒதுங்கி வாற கட்டுவிரியன் இரவில் கடித்தது தெரியாமலே போகலாம். விடியப்புறம் வயிறு வலிக்குது, கண் இமை தூக்கேலாமல் கிடக்குது என்று பிள்ளை சொன்னால் நேரே வைத்தியசாலை. கட்டுப் போடுவது, வெட்டுவது, விசக்கல்லு வைப்பது ஒன்றும் வேண்டாம். 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

வீட்டுக்குள் நடக்கிற சண்டைக்கு வருகிறேன். "ஆர் முதல் அடிச்சது?" இந்தக் கேள்வியைக் கேட்கிற எந்த அம்மாவும் உண்மையைக் கண்டுபிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. கேட்டவுடன் மூன்று பேரும் சட்டத்தரணி ஆகிவிடுவாங்கள். பெரியவன் நேற்றைக்கு நடந்ததில் தொடங்குவான், நடுவிலான் அழுவான், சின்னவன் ஆருக்கு எதிராகச் சாட்சி சொன்னால் பணிஸ் கிடைக்கும் என்று என் முகத்தைப் பார்ப்பான். பிறகு "நீ பெரியவன், விட்டுக்குடு" என்று தீர்ப்புச் சொல்வோம். அது ஒவ்வொரு நாளும் அவன் நெஞ்சில் ஏறிக்கொண்டே போகும். இப்போது இரத்தம் வந்தால், தடி எடுத்தால் மட்டும் எழும்புவேன். மற்றபடி சண்டைக்குக் காரணமான சாமான் அலுமாரிக்கு மேலே போகும். அதை எப்படிப் பங்கிடுவது என்று மூன்று பேரும் சேர்ந்து வந்து சொன்னால் கீழே வரும். பம்பரம் ஒன்று நாலு நாளாக மேலே கிடந்தது.

வெருட்டுகிற பழக்கத்தைப் பற்றி எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். என் அம்மா என்னை வெருட்டினதையே நானும் எடுத்து என் பிள்ளைகளுக்குச் சொன்னேன்: "சும்மா இருக்காட்டி ஆமிக்காரன் பிடிச்சுக்கொண்டு போவான்." ஒருநாள் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 மாசியில் தொடங்கின போராட்டப் பந்தலைக் கடந்து பஸ்ஸுக்கு நடந்தோம். வரிசையாகப் படங்கள். நடுவிலான் பார்த்துக்கொண்டே வந்தான். பஸ்ஸுக்குள் ஏறின பிறகுதான் கேட்டான்: "அம்மா, அந்தப் படத்தில இருக்கிற அண்ணாமார் சும்மா இருக்கேல்லையோ?"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல் இல்லை. பூச்சாண்டியும் இல்லை, பொலிசும் இல்லை. அம்மா வந்து நின்றபோது ஒருக்கால் வாய் தவறிச் சொல்லப் போனா, நான் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினா.

அவவோடு இன்னொரு வழக்கு இருக்கிறது. "ஆம்பிளைப் பிள்ளையளுக்குக் குசினிக்குள்ள என்ன வேலை?" என்பா. நான் முதலில் அவ பக்கம்தான், கொள்கையால் இல்லை, அவசரத்தால். பெடியன் தேங்காய் துருவினால் பாதி நிலத்தில், நான் துருவினால் ஐந்து நிமிசத்தில் முடியும். ஆனால் மழை நாளில் ஒரு பெடியனுக்கு "என்ன செய்ய?" என்பதுதான் பசி. மணித்தியாலத்துக்கு ஒருக்கால் "சாப்பிட என்ன இருக்கு?" என்று வாறவனுக்கு உண்மையிலேயே வயிறு பசிப்பதில்லை. பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பினால் திரும்பி வருவான். மரவள்ளிக்கிழங்கைக் கையில் கொடுத்து மண் கழுவி வா என்றால் அரை மணித்தியாலம் போகும். பெரியவன் இப்போது தேங்காய் துருவுவான், சம்பலுக்கு வெங்காயம் உரிப்பான். நடுவிலான் கோப்பை கழுவுவான். சின்னவன் கச்சான் கோது உடைப்பான். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும் என்பதால் அவனுக்கு இடித்துத்தான் கொடுப்போம். அது அநியாயம் என்பது அவன் முறைப்பாடு. திருவெம்பாவை நாளில் விடிய நாலு மணிக்குச் சேமக்கலம் அடித்துக்கொண்டு ஒழுங்கையால் போக மூன்று பேரும் நான் எழுப்பாமலே எழும்புவதைப் பார்த்த பிறகுதான், வேலை வேண்டாம் என்று அவங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, நான்தான் கொடுக்கவில்லை என்று விளங்கினது.

கடைசிப் பிழை சின்னது, ஆனால் வருசா வருசம் விடுகிறேன். சப்பாத்தை விடுமுறை தொடங்கின அன்று மூலையில் போட்டால் பள்ளிக்கூடம் திறக்க முதல்நாள் இரவுதான் எடுப்போம். பூஞ்சணம் பிடித்து வெள்ளையாக இருக்கும், காலும் வளர்ந்திருக்கும், கடையும் பூட்டியிருக்கும். ஒரு கிழமைக்கு முன்னமே போட்டுப் பாருங்கோ. போடும்போது உள்ளே கைவிட்டுத் தட்டிப் பாருங்கோ. போன முறை ஒரு தேரை குடியிருந்தது. சின்னவன் இன்னும் அதைத் தேடுகிறான்.