பிராக்: மேலிருந்து கீழே ஒரு நாள் நடை

செக் நாட்டுத் தலைநகர் பிராக்கை ஒரே நாளில் நடந்து பார்க்கப் போகிறீர்களா? அப்படியென்றால் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: ஏறக்கூடாது, இறங்க வேண்டும். அந்தக் காலத்தில் பொஹீமிய (பழைய செக் நாட்டு) மன்னர்கள் முடிசூட்டிக்கொள்ளப் போன பாதை, பழைய நகரத்தின் வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, சதுக்கத்தையும் சார்லஸ் பாலத்தையும் கடந்து, மலைமேல் இருக்கும் கோட்டையில் முடியும். முக்கால்வாசிப் பேர் அதே வரிசையில் நடந்துவிட்டு, வெயில் ஏறிய நேரத்தில் நெருதோவா தெரு ஏற்றத்தில் மூச்சு வாங்க நிற்பார்கள். ராஜாவுக்குக் குதிரை இருந்தது, நமக்கு இல்லை.

அதனால் காலையில் 22ஆம் நம்பர் டிராமைப் பிடித்து 'பிராஷ்ஸ்கீ ஹ்ராட்' (பிராக் கோட்டை) நிறுத்தத்தில் இறங்குங்கள். நாள் முழுக்கச் செல்லும் 24 மணி நேர டிக்கெட்டே வசதி. காகித டிக்கெட் என்றால் முதல் பயணத்திலேயே மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்தியாக வேண்டும், குத்தாத டிக்கெட்டை எத்தனை பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் பரிசோதகர் கணக்கில் சேர்க்க மாட்டார்.

கோட்டை வளாகத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, பையை மட்டும் சோதித்தாலும் சோதிப்பார்கள். புனித வைட்டஸ் பேராலயத்தை முழுதாகச் சுற்றிப் பார்க்கத்தான் டிக்கெட். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், அன்று மதியத்துக்குமேல்தான் நமக்கு இடம். 1344இல் தொடங்கிய கட்டடம் 1929இல்தான் முடிந்தது என்பதால், 20ஆம் நூற்றாண்டு ஓவியர் முஹா வரைந்த ஜன்னலும் உள்ளே இருக்கிறது. நுழைந்ததும் இடப்பக்கம் பாருங்கள். ஓரங்களில் நீலம், நடுவுக்கு வர வர சிவப்பும் பொன்னிறமும், அங்கே பின்னாளில் புனிதரான சிறுவன் வென்ஸ்லாஸும் அவன் பாட்டி லுட்மிலாவும். வெயில் அடிக்கும்போது பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் நெருதோவா வழியாக இறக்கம். இங்கே கடைகளை விட்டுவிட்டு வாசல்களுக்கு மேலே பாருங்கள்: மூன்று வயலின், இரண்டு சூரியன் என்று வீட்டுக்கு வீடு ஒரு சின்னம் இருக்கும். 1770இல் கதவு எண் வருவதற்கு முன்னால் இவைதான் முகவரி. தெருவெல்லாம் உருண்டைக் கல், அதனால் நல்ல ஷூ கட்டாயம். நான் முதல் தடவை மெல்லிய செருப்போடு போய், சாயங்காலம் படியேற முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே யூரோ இல்லை, கொருனா. சில கடைகளில் யூரோ வாங்குவார்கள், ஆனால் அவர்கள் வைத்ததுதான் விலை. 'கமிஷன் இல்லை' என்று எழுதிய மாற்றுக் கடைகளிலும், கையில் எவ்வளவு வரும் என்று கேட்காமல் நோட்டை நீட்டாதீர்கள். ஏ.டி.எம். 'உங்கள் ஊர்ப் பணத்தில் கணக்கிடட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

சார்லஸ் பாலம் 1357இல் தொடங்கியது, அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம், 30 சிலைகள். மதியத்தில் நெரிசல் தாங்காது. அந்த நேரத்தில் பாலத்திலிருந்து படியிறங்கி கம்பா தீவில் மர நிழலில் உட்காருங்கள், கையில் இருப்பதைச் சாப்பிடுங்கள். பக்கத்துக் கால்வாயில் பழைய ஆலைச் சக்கரம் ஒன்று உண்டு. திரும்ப ஏறியதும் இடப்பக்கம் நெபோமுக் ஜானின் சிலையைத் தேடுங்கள். 1393இல் ஆற்றில் தள்ளப்பட்ட பாதிரியார் அவர். தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம். அடியிலுள்ள வெண்கலத் தகட்டில், தொட்டால் நல்லது நடக்கும் என்று ஆளாளுக்குத் தொட்டதில், சில இடங்கள் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும், மற்றதெல்லாம் கருப்பு.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410இல் செய்த வானியல் கடிகாரம் இருக்கிறது. மணிக்கொரு முறை எலும்புக்கூடு பொம்மை மணியடிக்க, இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வரிசையாக எட்டிப் பார்க்கும். ஒரு நிமிஷம்கூட ஆகாது, எல்லாரும் அண்ணாந்து நிற்கும் அந்த நேரத்தில் பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடிகாரத்தைவிட அதன் பக்கத்துத் தரைதான் முக்கியம்: கல்லில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகள். 1621 ஜூன் 21 அன்று மன்னருக்கு எதிராக எழுந்த 27 பேருக்கு இங்கே மரண தண்டனை நிறைவேற்றினார்கள். கூட்டம் அதன்மேலேயே நடந்து போகிறது.

வழியில் குழல்போல் சுட்டு விற்கும் 'ட்ரெடெல்னிக்', பழைய பிராக் பலகாரம் என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. பசித்தால் சாப்பிடுங்கள். சரி, செலெட்னா தெருவில் நேரே போனால் வெடிமருந்துக் கோபுரம். அதன் பக்கத்திலேயே மெட்ரோவின் மஞ்சள் பாதை, காலையில் வாங்கிய டிக்கெட்டே செல்லும்.