வீட்டுச் சோடாவுக்கு எத்தனை கெக், எதற்குப் பாட்டில்?

கெக் என்பது சோடாவைக் கேஸோடு அடைத்து வைத்து, குழாய் வழியாகப் பிடிக்கும் ஸ்டீல் கலன். ஒரு குடும்பத்துக்கு இரண்டு போதும். இஞ்சி ஒன்று, நன்னாரி ஒன்று என எப்போதும் இரண்டு சுவை வேண்டும் என்பவர்கள் மூன்று வாங்கலாம். வாரத்துக்கு 5 லிட்டர்கூடச் செலவாகாத வீட்டுக்குக் கெக்கே வேண்டாம், பாட்டிலோடு நின்றுகொள்ளுங்கள்.

நம்மூரில் வீட்டில் பீர் காய்ச்ச வழியில்லை. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆனால் வெளிநாட்டில் வீட்டுப் பீர்காரர்கள் வைத்திருக்கும் 'கார்னி' கெக், குளிர்பானத்துக்காகவே வந்த சாமான். அமெரிக்கக் குளிர்பானக் கம்பெனிகள் சிரப் நிரப்பி அனுப்பிய 5 காலன் ஸ்டீல் கலன் அது. நம் கணக்கில் 19 லிட்டர்.

ஒன்று ஏன் போதாது? 30 டிகிரியில் இருக்கும் 17 லிட்டர் தண்ணீர் ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரிக்கு இறங்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதன்பிறகுதான் கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) ஏற்ற வேண்டும். ஒரே கெக் இருந்தால், அது தீர்ந்த அன்று ஒறம்பரை வந்தால் வெறும் தண்ணீர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்று ஓடும்போது மற்றது உள்ளே குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும். கெக் 63 சென்டிமீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் அகலம். எனவே முதலில் ஃப்ரிட்ஜை அளந்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். சாதாரண ஃப்ரிட்ஜில் தட்டுகளைக் கழற்றினால்தான் ஒன்று நிற்கும். ஐஸ்கிரீம் கடை டீப் ஃப்ரீசரில் வெளி தெர்மோஸ்டாட் மாட்டி 4 டிகிரியில் நிறுத்துவதே நல்ல ஏற்பாடு.

கேஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கோயமுத்தூர்ப் பக்கம் வெல்டிங்குக்குக் கார்பன் டை ஆக்சைடு எளிதாகக் கிடைக்கும். அது வேண்டாம், உணவுத் தரம் என்று எழுதிக் கொடுப்பவரிடம் மட்டும் நிரப்புங்கள். மீட்டரைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அசையாது. தராசில் வைத்து, சிலிண்டர் தோளில் அடித்திருக்கும் வெற்று எடையைக் கழியுங்கள். 17.5 லிட்டரில் கரைவது சுமார் 120 கிராம். ஊற்றித் தீரும்போது காலிக் கெக்கை நிரப்பி நிற்பது இன்னொரு 90 கிராம். கணக்குப்படி 2 கிலோவில் 9 கெக், கையில் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், மூடிய சிறு அறையில் கசிய விடாதீர்கள்.

இஞ்சி எலுமிச்சைச் சோடா ஒரு கெக்குக்கு: சர்க்கரை 1.6 கிலோ, தட்டிய இஞ்சி அரைக் கிலோ, எலுமிச்சைச் சாறு 800 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன். சர்க்கரையையும் இஞ்சியையும் 2 லிட்டர் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போட்டால் ருசி கூடும், மண்டியும் கூடும். எதுவானாலும் மல்துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். எலுமிச்சைத் திப்பி ஒன்று வால்வில் மாட்டினால் அன்றைக்குக் குழாய் நுரைதான் தரும். சிறுவாணித் தண்ணீர் கிடைத்தால் அப்படியே ஊற்றலாம். உப்பான போர் தண்ணீர் புளிப்பை அடக்கிவிடும். ஆர்ஓ தண்ணீர் எடுங்கள்.

மொத்தம் 17.5 லிட்டருக்கு மேல் நிரப்பாதீர்கள். கேஸ் பக்கக் குட்டைக் குழாய் முங்கினால் சர்க்கரைத் தண்ணீர் ரெகுலேட்டருக்கே ஏறும். மூடியைப் பூட்டி ஒரே மூச்சில் 30 பிஎஸ்ஐ (கேஸ் அழுத்தத்தின் அளவு) கொடுத்தால் மூடியின் ரப்பர் ஓ-ரிங் உட்காரும். மேல் வால்வை நாலு தடவை இழுத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கெக்கின் தலையில் டியூப் மாட்டும் இரண்டு முனைகளுக்குப் போஸ்ட் என்று பெயர். பால் லாக் வகைக் கெக்கில் அடிப்பாகம் வெட்டு விழுந்திருக்கும் போஸ்ட் கேஸுக்கு. சாம்பல் நிறக் கனெக்டர் அதற்கு, கருப்பு ஊற்றும் பக்கத்துக்கு. மாற்றி அழுத்தினால் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

4 டிகிரியில் 22 பிஎஸ்ஐ வைத்து ஒரு வாரம் விட்டால் கடைச் சோடா அளவுக்குக் கேஸ் பிடிக்கும். அவசரமானால் குளிர்ந்த பிறகு 30 பிஎஸ்ஐயில் பத்து நிமிடம் உருட்டுங்கள். குளிராமல் உருட்டுவது வீண். அதே கேஸை 30 டிகிரியில் பிடித்து வைக்க 60 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டும். பீருக்கு 12 பிஎஸ்ஐ போதும் என்பதால் பீர்காரர்கள் ஊற்றும் பக்கம் மாட்டும் குட்டை டியூப் நமக்கு ஒத்துவராது. உள்விட்டம் 5 மில்லிமீட்டர் டியூப் 7 மீட்டராவது வேண்டும், முழுவதும் ஃப்ரீசருக்குள் சுருண்டு கிடக்க வேண்டும். டியூப் வெளியே தொங்கினால் முதல் இரண்டு டம்ளர் நுரைதான்.

பாட்டிலுக்கு வருவோம். சின்ன அளவுக்கு இதைவிட எளியது இல்லை: குளிர்பான பெட் பாட்டிலில் முக்கால் நிரப்பி, காற்றைப் பிதுக்கி, கேஸ் கனெக்டர் மாட்டும் கார்பனேஷன் மூடி திருகி, 30 பிஎஸ்ஐ கொடுத்து ஒரு நிமிடம் குலுக்குங்கள். தண்ணீர் பாட்டில் மெலிது, வேண்டாம். கண்ணாடியைத் தொடவே வேண்டாம். கோலி சோடா பாட்டிலுக்கும் தனி மெஷின் வேண்டும். இது பதப்படுத்தாத சரக்கு. வெளியே இரண்டு நாள் கிடந்தால் புளித்து அழுத்தம் ஏறும். கெக்கில் அதிக அழுத்தத்தை விடும் வால்வு இருக்கிறது, பாட்டிலில் இல்லை. பதநீர் இன்னும் வேகமாகப் புளிக்கும், அதை இரண்டிலுமே அடைக்கக் கூடாது.

கெக்கிலிருந்து பாட்டிலுக்கு மாற்ற, பாட்டிலையும் 4 டிகிரிக்குக் குளிர்வித்து, கெக்கின் அழுத்தத்தை 5 பிஎஸ்ஐக்கு இறக்கி, டியூப் அடி தொட மெதுவாக நிரப்புங்கள். கொஞ்சம் கேஸ் போகத்தான் போகும்.

நோம்பிக்கோ சீருக்கோ 300 பேர், ஆளுக்கு 200 மில்லி என்றால் 60 லிட்டர். கெக் கணக்கில் நாலு. ஒரு நாளுக்காக நாலு வாங்குவது வீண் செலவு. இரண்டு கெக்கை ஐஸ் கட்டி போட்ட டிரம்மில் டியூபோடு நிறுத்துங்கள். மீதி 25 லிட்டரை முந்தின நாளே ஐம்பது அரை லிட்டர் பாட்டிலில் பிடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கேஸ் பிடித்த கெக்கை 4 டிகிரியில் வைத்தாலும் ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள். காலியானதும் வெந்நீரும் வாஷிங் சோடாவும் விட்டு, டியூபுக்குள்ளும் ஓட்டிக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் ஸ்டீலைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். நிரப்பும் முன் கொதிநீர் ஓட்டுங்கள். பழைய கெக் வாங்கியிருந்தால் மூடி ரிங், போஸ்ட் ரிங் இரண்டு, குழாய் ரிங் இரண்டு, ஐந்தையும் மாற்றுங்கள். ரப்பரில் ஏறிய நன்னாரி வாசம் எலுமிச்சையில் வரும். கழுவியதை 10 பிஎஸ்ஐ கேஸோடு மூடி வையுங்கள். அடுத்த முறை வால்வை இழுக்கும்போது சீற்றம் வரவில்லை என்றால் எங்கோ கசிகிறது. சரக்கை ஊற்றும் முன்னே அதைத் தேடுங்கள்.