எம்.எஸ்.டபிள்யூ. களப்பணிக்கு இடம் கேட்கும் முன் பஸ்ஸைப் பாருங்கள்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) சேர்ந்ததும், களப்பணிக்கான நிறுவனத்தை உங்கள் ஊர் டவுன் பஸ் போகும் தடத்திலேயே இரண்டு மூன்று பார்த்து வைத்து, படிக்கும் துறையில் அவற்றின் பெயரை நீங்களே முதலில் கொடுங்கள்.

பொதுவாக வாரம் இரண்டு நாள் களப்பணி. 15 வாரப் பருவத்துக்கு 30 நாள். போக வர 40 ரூபாய் என்றாலும் 1,200 ரூபாய். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. பணத்தைவிடப் பெரிது நேரம்: தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ இருப்பவர் உள்ளூரிலேயே களம் பார்த்தால், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் மாலையில் வீட்டுச் சந்திப்பு முடித்து, அன்றிரவே அறிக்கை எழுதிவிடலாம். நான்கு நாள் கழித்து எழுதும் அறிக்கையில் அந்த மனிதர் சொன்ன வார்த்தை இருக்காது, நம் ஊகம்தான் இருக்கும். வருகைப் பதிவில் கையெழுத்தையும் அன்றன்றே வாங்குங்கள். நிறுவன அதிகாரி மாறுதலாகிப் போனால் பழைய நாட்களுக்குப் புதியவர் போடமாட்டார்.

மருத்துவ, மனநலப் பிரிவு எடுத்தவர்களுக்கு இது பொருந்தாது. நோயாளிகளும் வழிகாட்டும் சமூகப் பணியாளரும் இருக்கும் மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டும், தூரம் பார்க்கக் கூடாது. மனிதவளம் படிப்பவர்களுக்கு ஓசூர் ஆலைகள்தான் களம். தருமபுரியிலிருந்து அது புறநகர் பஸ், இலவசம் கிடையாது. தொடர்ந்து ஒரு மாதம் செய்யும் பயிற்சிக்கு அங்கேயே தங்குவது மேல். சொந்தத் தெருவை மட்டும் களமாக எடுக்காதீர்கள், தெரிந்தவர் பிள்ளையிடம் யாரும் வீட்டுப் பிரச்சினையைச் சொல்லமாட்டார்கள்.