தம்பியைப் போதைப்பொருள் வழக்கில் பிடித்துவிட்டால் வீட்டார் என்ன செய்வது?

என் தம்பி ஹட்டன் பக்கம் ஓட்டோ ஓடினவன். ஒருவர் 2,000 ரூபாய் கொடுத்து ஒரு பொதியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். வழியில் பிடித்துவிட்டார்கள். உள்ளே ஹெரோயின். பொலிஸ் தராசில் 6 கிராம் சொச்சம். அம்மா மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்காமலே ஓடி வந்தார். அன்றைக்கு எங்கள் லயத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடையைக் கேளுங்கள். மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். இலங்கையின் போதைப்பொருள் சட்டத்துக்கு 1984இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ என்றால் தண்டனை இரண்டே இரண்டுதான்: மரணம், அல்லது ஆயுள் சிறை. விற்றதாகக் காட்ட வேண்டியதுகூட இல்லை, கையில் வைத்திருந்தாலே போதும். 2022 திருத்தம் ஐஸ் என்கிற மெத்தாம்பெட்டமைனையும் இதில் சேர்த்துவிட்டது; அதற்கு 5 கிராம். முதல் குற்றம், சின்ன வயது, அப்பா இல்லாத குடும்பம் என்று நீதிபதி மனம் இரங்கினாலும் அதற்குக் கீழே இறங்க அந்தப் பிரிவில் இடமில்லை. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கில் போடவில்லை என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். சரி, ஆனால் உள்ளே போனவர் உள்ளேயேதான் இருப்பார்.

எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. அந்த 2 கிராம் என்பது பொதியின் எடை இல்லை. கலந்த மாவையெல்லாம் கழித்து, சுத்த ஹெரோயின் எவ்வளவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் தரும் கணக்கு. தம்பியின் பொதிக்கு அறிக்கையில் வந்தது 1.4 கிராம். அந்த எண்ணைக் கேட்டதும் அம்மா நீதிமன்ற வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். ஆகவே அறிக்கை வந்துவிட்டதா என்று ஒவ்வொரு தவணைக்கும் சட்டத்தரணியைக் கேட்டுக்கொண்டே இருங்கள். நீங்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

முதல் நாளுக்கு வருகிறேன். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பிடித்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிடித்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். போதைப்பொருள் வழக்கில் நீதவான் அனுமதித்தால் 7 நாள் வரை பொலிஸ் காவலில் வைக்கலாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்லவில்லை என்றால், அல்லது அடிக்கிறார்கள் என்று தெரிந்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு எடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு மொழிதான் பெரிய பள்ளம். தம்பிக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை வழக்கில் அவருக்கு எதிராகக் காட்ட முடியாது என்பது சட்டம். ஆனால் அவர் சொல்லி ஒரு பொருளை எடுத்தால், எடுக்க வழிகாட்டிய அந்தப் பேச்சு வழக்குக்குள் வந்துவிடும். ஆகவே சட்டத்தரணி வரும் வரை, வாசித்துப் புரியாத எதிலும் கையெழுத்து வேண்டாம். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பை அரச செலவிலேயே கேட்கலாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை அது, யாரும் செய்யும் தயவு இல்லை. கூச்சப்படாமல் எழுந்து கேளுங்கள்.

இரண்டாம் நாளே ஒருவர் வீட்டுக்கு வந்து, 'பெரிய இடத்தில் ஆள் இருக்கு, 40,000 கொடுத்தால் முடிச்சிடலாம்' என்றார். அம்மா தோட்டை அடகு வைத்துக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை, ஆளையும் பிறகு காணவில்லை. தயவுசெய்து அப்படி ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏழைகளுக்காகவே வந்தது. அம்மாவின் சம்பளச் சீட்டு, கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, அப்புறம் பிடித்த விபரத்தை எழுதிப் பொலிஸ் நீதவான் நீதிமன்றத்தில் போட்டிருக்கும் பி அறிக்கையின் இலக்கம், இவற்றை நாங்கள் கொண்டுபோனோம். அந்த இலக்கம் இல்லாமல் எந்த மேசையிலும் வேலை நடக்காது. வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போன பிறகும் சட்டத்தரணி இல்லையென்றால், ஒருவரை நியமித்துத் தரும்படி அந்த நீதிமன்றத்திடமே கேட்கலாம்.

பிணையை நீதவான் தர மாட்டார், அவரிடம் கேட்டு மனம் உடைய வேண்டாம். சுத்த எடை 10 கிராமுக்குக் குறைவென்றால் மேல் நீதிமன்றம், 10 கிராமும் அதற்கு மேலும் போய் மரண அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றமானால் மேன்முறையீட்டு நீதிமன்றம். இரண்டிலும் விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டும். எங்களுக்கு ஒன்பதாம் மாதத்தில் கிடைத்தது.

வழக்கு விசாரணையில் இரண்டு கேள்விகள்தான் உயிர். பொருள் அவர் ஒருவர் கையில் மட்டும் இருந்ததா, உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியுமா? பிடித்த இடத்திலிருந்து ஆய்வுகூடம் வரை முத்திரை உடையாமல், கை மாறியதெல்லாம் பதிவாகிப் போனதா? பொதியைக் கொடுத்தவரோடு பேசிய தொலைபேசியைப் பற்றி, ஓட்டோவில் அன்று ஏறி இறங்கியவர்களைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பணம் வாங்கியதையும் சொல்லுங்கள். நாங்கள் வெட்கத்தில் முதலில் அதை மறைத்தோம், அது பெரிய பிழை.

'ஒத்துக்கொண்டால் குறைத்துவிடுவார்கள்' என்று ரிமாண்டில் பக்கத்துப் பாயில் படுப்பவர் சொல்வார். 2 கிராமைத் தாண்டிய குற்றச்சாட்டை அப்படியே ஒத்துக்கொண்டால் குறைக்க எதுவும் இல்லை. சட்டத்தரணி கூட இருக்கும்போது மட்டும் அதற்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். தீர்ப்பு எதிராக வந்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு கொடுக்க வேண்டும். வெளியில் யாரும் இல்லாதவர் சிறை அதிகாரிகள் மூலமாகவே அதைக் கொடுக்கலாம். தீர்ப்பு நாளன்றே அந்தத் திகதியைக் கொப்பியில் எழுதி, பார்க்கப் போகும்போது அவரிடமும் சொல்லி வையுங்கள்.