அமெரிக்காவில் மாநிலம் மாறும் முன் போட வேண்டிய கணக்கு

கலிபோர்னியாவை விட்டு டெக்சாஸ் போகலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்ப்பது வருமான வரியை. டெக்சாஸ், புளோரிடா, டென்னசி, நெவாடா மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் கணக்கை வேலையிலிருந்து தொடங்குங்கள், வரி அப்புறம்.

மாநிலம் முழுவதற்குமான வேலை வளர்ச்சி சதவீதத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. சின்ன மாநிலத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை வந்தாலே அது எகிறிவிடும். தொழிலாளர் புள்ளியியல் துறையான பி.எல்.எஸ். தளத்தில், தொழில்வாரிச் சம்பளப் பட்டியலை எடுங்கள். நீங்கள் போகும் பெருநகர்ப் பகுதியில் உங்கள் தொழிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள், இடைநிலைச் சம்பளம் என்ன என்று அதில் இருக்கும். அதே துறை வெளியிடும் மாதாந்திர வேலை எண்கள் மாதிரிக் கணக்கெடுப்பில் வருபவை, பிறகு திருத்தப்படுபவை. ஒரு மாதத் துள்ளலை நம்பாமல் போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, அந்த மாநிலம் வெளியிடும் வார்ன் (WARN) அறிவிப்புகள், அதாவது ஆட்குறைப்பு முன்னறிவிப்புகள். 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்பே சொல்லியாக வேண்டும். உங்கள் துறைப் பெயர்கள் அதில் அடிக்கடி வந்தால் யோசியுங்கள். இந்த வேலை போனால் அதே ஊரில் உங்களை எடுக்கக்கூடிய நிறுவனங்கள் எத்தனை? எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கு இதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் வேலை போனபின் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். அதே கம்பெனியில் இருந்தபடி வேறு பெருநகருக்கு மாறினாலும், மாறும் முன்பே திருத்திய எச்1பி மனு போட வேண்டும்.

இனி செலவு. மத்திய அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறையான பி.இ.ஏ. வெளியிடும் வட்டார விலைக் குறியீட்டில் நாட்டுச் சராசரி 100. குறியீடு 112 உள்ள ஊரில் 1,20,000 டாலர் என்பது சராசரி விலையில் சுமார் 1,07,100. குறியீடு 97 உள்ள ஊரில் 1,00,000 டாலர் சுமார் 1,03,100. இருபதாயிரம் வித்தியாசம் நாலாயிரமாகச் சுருங்கிவிட்டது!

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவது வீட்டுச் செலவு. காரின் விலை, கல்விக்கடன் தவணை, விமான டிக்கெட், ஊருக்கு அனுப்பும் பணம் எதுவும் மலிவான மாநிலத்தில் குறையாது. சம்பளத்தில் பெரும்பங்கைச் சேமிப்பவருக்கு விலை கூடிய ஊரே லாபமாக இருக்கலாம். அதனால் குறியீட்டைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று இரண்டு ஊருக்கும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

வீடு வாங்குவதானால் சொத்து வரியில் பலர் சறுக்குகிறார்கள். 4,00,000 டாலர் வீட்டுக்கு 2.2 சதவீதம் என்றால் வருடம் 8,800, மாதம் 733. விற்பவர் கட்டிய பழைய பில்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவருக்கு இருந்த வரிச் சலுகையும், வரி மதிப்பு ஏறுவதற்கு இருந்த உச்சவரம்பும் உங்களுக்கு அப்படியே வராது. புளோரிடா, டெக்சாஸ் கடற்கரைப் பக்கம் என்றால், வீட்டுக் காப்பீட்டுக் கட்டணத்தை விலை பேசும் முன்பே கேட்டு வாங்குங்கள். சாதாரண பாலிசியில் வெள்ளச் சேதம் சேராது, அதற்குத் தனி பாலிசி.

மாறும் வருடத்தில், வருமான வரி உள்ள இரு மாநிலங்களுக்கு இடையே போனால் இரண்டிலும் பகுதியாண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனி தரும் இடமாற்றத் தொகையும் சம்பளமாகவே கணக்காகும். 10,000 டாலரில் 22 சதவீத மத்திய வரிப் பிடித்தமும் 7.65 சதவீத சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேரும் போக 7,035தான் வரும். அந்த வரியையும் கம்பெனியே ஏற்குமா என்று ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.