கீமோவும் குளிர்காலமும் விருந்தாட்களும் ஒன்றாக வந்தால்

ரொறன்ரோவில் இலையுதிர்காலத்தில் பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கினால் நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் மூன்றும் அதற்குள்தான் வரும், பனியும் அதற்குள்தான் கொட்டும். பக்கத்தில் நிற்கிற மனைவிக்கும் கணவனுக்கும்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் மருந்தைப் பற்றி நேர்ஸ்மார் நன்றாகவே சொல்லித் தருவார்கள், நத்தாருக்கு இருபது பேர் வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் வீட்டில் இவருக்குக் கொடுத்தது ஃபொல்பொக்ஸ் என்கிற கீமோ மருந்துக் கூட்டு. அதில் ஒக்சாலிபிளாட்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது, குளிருக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. உங்கள் வீட்டில் வேறு மருந்தென்றால் குளிர் பற்றி நான் சொல்வது பொருந்தாமல் போகலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கலண்டர்

எல்லாரும் முதலில் செய்வது கொண்டாட்டங்களை எல்லாம் ரத்துச் செய்வது. வேண்டாம். வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிடும், நோயாளிக்கும் அது நல்லதல்ல. அதற்குப் பதிலாக மருந்து நாட்களைக் கலண்டரில் குறித்துவிட்டு, மிச்ச நாட்களில் சனத்தைக் கூப்பிடுங்கள்.

ஃபொல்பொக்ஸ் பொதுவாகப் பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை. முதல் நாள் ஆஸ்பத்திரியில் சில மணித்தியாலம் ஏற்றுவார்கள், பிறகு இடுப்பில் ஒரு சிறிய பையில் மருந்துப் போத்தலோடு வீட்டுக்கு விடுவார்கள், பம்ப் என்பது இதைத்தான். உள்ளே இருக்கிற பலூன் மெல்ல மெல்லச் சுருங்கி 46 மணித்தியாலத்தில் மருந்து இறங்கி முடியும். அந்த நாட்களில் கொண்டாட்டம் என்ற பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகும் சில நாட்கள் களைப்பு, ஓங்காளம், வாயில் ருசியில்லை. பலருக்கும் உடம்பு கொஞ்சம் தெளிகிறது அடுத்த ஊசிக்கு முந்திய மூன்று நான்கு நாட்களில்தான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளணுக்கள் மிகவும் குறைவது ஊசி போட்டு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள். அதாவது முகம் தெளிந்து, சாப்பாடு கேட்டு, "எல்லாரையும் கூப்பிடு" என்று அவர் சொல்கிற நாட்களில்தான் கிருமி தொற்றினால் ஆபத்தும் அதிகம். ஆகவே நாள் மட்டும் பார்த்தால் போதாது, வருகிறவர்களையும் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 25, 26, ஜனவரி 1 ஆகிய நாட்களில் கீமோ பிரிவுகள் பூட்டியிருக்கும், முன்பின்னாக நாட்கள் மாறும். ஒரு மாதம் முன்னதாகவே கேளுங்கள்: பம்பைக் கழற்றுகிற நாள் விடுமுறையில் விழுந்தால் யார் கழற்றுவது, வீட்டுக்கு நேர்ஸ் வருவாரா? மகள் கல்யாணம் மாதிரிப் பெரிய விசேஷம் என்றால் ஒரு சுற்றைச் சில நாட்கள் தள்ளிவைக்க முடியுமா என்று டொக்டரிடம் கேட்பதிலும் தவறில்லை. முடியாதென்றால் முடியாது என்பார். பொங்கலுக்கு அந்தக் கவலையும் இல்லை, இங்கே பாதிப்பேர் சனி ஞாயிறு பார்த்துத்தானே பொங்குகிறோம்.

குளிர்

ஒக்சாலிபிளாட்டினால் வருகிற குளிர்க் கூச்சம் ஊசி ஏற்றிய அன்றே தொடங்கிவிடும். குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்துகிறது போல, மின்சாரம் அடித்தது போல இருக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும், மூச்சே வராதது போல இருக்கும். பலருக்கு ஒரு வாரத்துக்குள் தணியும், சுற்றுகள் கூடக் கூட அது நீளும். ஊரில் என்றால் ஐஸ் தண்ணி குடிக்காதே என்பதோடு முடிந்திருக்கும். ஜனவரி மாத ஸ்காபரோவில் வாசல் கதவே எதிரி.

ஆஸ்பத்திரியை விட்டு இறங்குவதற்கு முன், உள்ளே நிற்கும்போதே, கையுறை, தொப்பி, மூக்கும் வாயும் மூடுகிற மாதிரிச் சால்வை எல்லாம் போட்டுவிட வேண்டும். வெளியே போய்ப் போடலாம் என்றால் முதல் மூச்சிலேயே தொண்டை பிடித்துவிடும். காரை முன்கூட்டியே சூடாக்குங்கள், கராஜுக்குள் வைத்து இயக்காதீர்கள், புகை கொல்லும். கார்க் கதவுப் பிடியையும் சீட் பெல்ட் கொளுக்கியையும் நீங்களே பிடியுங்கள். மருந்துப் பையைக் கோட்டுக்கு உள்ளே வையுங்கள். அதன் குழாயில் தோலோடு ஒட்டி வைத்திருக்கும் சின்னத் துண்டு உடம்புச் சூட்டில் இருந்தால்தான் மருந்து சரியான வேகத்தில் இறங்கும், குளிர்ந்தால் மெதுவாகும். நெஞ்சில் போர்ட், அதாவது மருந்து ஏற்றத் தோலுக்குக் கீழே பொருத்துகிற சின்னக் கருவி, வைத்திருந்தால் கோட்டுக்கு உள்ளே முன்பக்கம் சிப் வைத்த சட்டையைப் போட்டு அனுப்புங்கள், தலைவழியாகக் கழற்றுகிற ஸ்வெட்டர் அங்கே பெரிய தொல்லை.

வீட்டுக்குள் குளிர் ஒளிந்திருக்கிற இடங்கள்தான் நிறைய. சில்வர் பேணியை எடுத்து உள்ளே வையுங்கள், கப்பில் கொடுங்கள். இந்த மாதங்களில் குழாய்த் தண்ணீர் ஐஸ் போலத்தான் வரும், காலையில் பல் தீட்டவும் முகம் கழுவவும் இளஞ்சூடாக விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிரிட்ஜைத் திறக்கவே விடாதீர்கள். அவர் எடுக்கக்கூடிய சாமான்களை மேசையில் வெளியே வைத்துவிடுங்கள், பக்கத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணி. ஓடு பதித்த நிலம் என்றால் மேஸ் இல்லாமல் நடக்க வேண்டாம். தொண்டை இறுகிவிட்டால் பயப்படாமல் இருத்தி, கைகளால் வாயை மூடி அந்தச் சூட்டுக் காற்றை மூச்சாக எடுக்கச் சொல்லி, இளஞ்சூடாக ஏதாவது மெல்லக் குடிக்கக் கொடுங்கள், தணிந்துவிடும். ஆனால் முகம், உதடு வீங்கினாலோ, தோல் தடித்தாலோ, மூச்சு உண்மையாகவே திணறினாலோ அது வேறு, உடனே 911.

பனி அள்ளுகிற வேலை அவருக்கு இல்லை. எங்கள் ஆம்பிளையளுக்கு இது பெரிய மானப் பிரச்சினை, நீங்கள் உள்ளே திரும்புகிற நேரத்தில் சவலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். சுற்றுகள் போகப் போகப் பாதங்கள் மரத்துப்போகும், ஐஸில் கால் வைத்தது தெரியாமலே வழுக்கும், அதோடு இரத்தம் உறைய உதவுகிற அணுக்களும் குறைந்திருக்கும். ஊசிக்கு முதல்நாள் இரவே காரை முகம் வெளியே பார்க்க நிறுத்துங்கள். காலையில் நகரசபை வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போகும்போது ட்ரைவ்வே வாயில் ஒரு பனிமேட்டை விட்டுவிட்டுப் போகும், அதை வெட்ட இருபது நிமிடம் கூடுதலாக வையுங்கள். கடும் புயல் என்றால் காலையிலேயே கீமோ பிரிவுக்கு அழைத்துக் கேளுங்கள்.

வீட்டுக்கு ஆட்கள் வரும்போது

"லேசான தடிமன்தான்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். நிச்சயம் வருவார். அவரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவது கஷ்டம், ஆகவே முதல்நாளே எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள்: தடிமன், இருமல், வயிற்றோட்டம் இருந்தால் இந்த முறை வேண்டாம், வீடியோவில் கதைப்போம். மூத்தவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வதுதான் மரியாதை. "மாமி, கோவிக்காதேங்கோ, அவருக்கு வெள்ளணு குறைஞ்சிருக்கிற நேரம், தடிமன் மாறினாப்பிறகு நீங்கள் ஆறுதலா வந்து இருங்கோ" என்றால் யாரும் கோபிப்பதில்லை. கோபித்தாலும் மார்கழி முடிய மாறிவிடும். டேகெயார் போகிற சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகாத நாளே இல்லை, அவர்கள் தூர நின்று கையசைக்கலாம். வீட்டில் இருக்கிற அனைவரும் இலையுதிர்காலத்திலேயே ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்கள், ஒன்ராறியோவில் பார்மசியிலேயே இலவசம்.

வருகிற நேரத்தைப் போலப் போகிற நேரத்தையும் சொல்லி அழையுங்கள். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை என்றால் அதுதான், எங்கள் ஆட்கள் ஒரு மணிக்குத்தான் வருவார்கள் என்பது வேறு கதை. அவருடைய கதிரையை வாசலுக்கு நேரே போடாதீர்கள், ஒவ்வொருவர் வரும்போதும் கதவு திறந்து குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்கும். களைத்தால் சொல்லாமல் எழும்பி அறைக்குப் போவார், யாரும் பின்னால் போய்க் கதவு தட்டக்கூடாது என்பதையும் முதலே சொல்லிவையுங்கள்.

கழிப்பறையைப் பற்றிப் பேச எல்லாருக்கும் கூச்சம். ஊசி ஏற்றும் நாட்களிலும் முடிந்து இரண்டு நாள் வரையும் சிறுநீர், வாந்தி எல்லாவற்றிலும் மருந்து வெளியேறும். இரண்டு கழிப்பறை இருந்தால் ஒன்றை அவருக்கென்று விட்டுவிடுங்கள், ஒன்றுதான் என்றால் மூடியை மூடி இரண்டுமுறை தண்ணீர் அடித்துவிடுங்கள். கழுவும்போது கையுறை போடுங்கள். கட்டிப்பிடிப்பதிலோ பக்கத்தில் இருந்து சாப்பிடுவதிலோ ஒரு பிரச்சினையும் இல்லை, இதையும் சிலருக்கு விளக்க வேண்டி வரும்.

சாப்பாட்டில் ஒரே சட்டம்: அவருக்கு முதலில், அடுப்பிலிருந்து நேராக. மேசையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆறிக் கிடந்த பிரியாணியும் ரோல்ஸும் அவருக்கு வேண்டாம். பச்சை முட்டை சேர்த்தது, பாதி வெந்த இறால், கழுவாத சலாட் எதுவும் வேண்டாம். வட்டிலப்பம் என்றால் பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சூடாக்கிக் கொடுங்கள். பொரிக்கிற மணம் அவருக்கு ஓங்காளத்தைக் கிளப்பும், பேஸ்மென்ட் குசினி இருந்தால் மீன் பொரியலை அங்கே இறக்கிவிடுங்கள். இடியப்பமும் சொதியும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

பப்பாசி இலைச் சாறு, மஞ்சள் குளிசை, யாரோ ஒருவருக்கு முற்றாக மாறிய கசாயம் என்று விருந்தாட்கள் ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். வாங்கி வையுங்கள், "டொக்டரிட்டக் கேட்டுக் குடுக்கிறன்" என்று சொல்லுங்கள், உண்மையாகவே கேளுங்கள், கேட்கும்வரை கொடுக்காதீர்கள்.

காய்ச்சல்

தேர்மொமீட்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் சொல்லித்தருகிற கணக்கு இது: வாயில் வைத்துப் பார்த்து 38.3 பாகை ஒருமுறை வந்தாலோ, 38.0 ஒரு மணித்தியாலம் நீடித்தாலோ எமர்ஜென்சிக்குப் போக வேண்டும், நத்தார் இரவோ, வெளியே பனி கொட்டுகிறதோ, பிரச்சினையில்லை. ரைலனோல் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். வாசலிலேயே கீமோ நடக்கிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரி தந்த காய்ச்சல் அட்டையைக் காட்டுங்கள், இருமுகிறவர்கள் மத்தியில் மணிக்கணக்காக இருத்தாமல் இருப்பார்கள்.

உங்கள் வேலையும் காசும்

ஒன்ராறியோவில் குடும்பத்தாரைப் பராமரிக்க வருடத்துக்கு எட்டு வாரம் சம்பளமில்லாத, வேலை பறிபோகாத விடுப்பு எடுக்கலாம். மத்திய அரசின் ஈஐ என்கிற வேலைக் காப்புறுதியில், உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கிறவரைப் பராமரிக்க 15 வாரம் வரை பணம் உண்டு, டொக்டரின் கடிதம் வேண்டும், வழக்கமாகச் சம்பளத்தில் 55 வீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. நோயாளிக்கு வேலை இருந்தால் அவருக்கும் 26 வாரம் வரை ஈஐ நோய்க்காலப் பணம் இருக்கிறது. வீட்டில் எடுக்கிற மருந்துகளின் செலவு கூடினால் ரில்லியம் திட்டத்துக்கு எழுதிப் போடுங்கள். படிவங்களுக்கு ஆஸ்பத்திரியின் சோசல் வேர்க்கரைப் பிடியுங்கள், அவருக்கு இதுதான் வேலை.

"ஏதாவது உதவி வேணுமெண்டா சொல்லுங்கோ" என்கிறவர்களுக்கு "ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். இனி ஆளுக்கொரு வேலை கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு ட்ரைவ்வே. கார் வைத்திருக்கிற மச்சானுக்குக் கீமோ நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றுவது. ஊரெல்லாம் கதைக்கிற சித்திக்கு வைபர் குழுவில் செய்தி சொல்வது, எல்லாருடைய தொலைபேசிக்கும் நீங்களே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெரியம்மா கட்டாயம் சமைத்துத்தான் தருவேன் என்றால் ஒருவேளைக்குக் காணக்கூடிய சின்னச் சின்னப் பெட்டிகளில், பெயரும் திகதியும் எழுதி, உறைப்பில்லாமல் கேளுங்கள்.