முழங்கையைக் காட்டும் கண்ணாடி

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் காலை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் நின்று, போகிற ஸ்கூட்டர்களைப் பாருங்கள். இடது கண்ணாடி இல்லாத வண்டிகள் வரிசையாக வரும். கேட்டால், “ஓவர்டேக் வலது பக்கம்தானே, இடது எதுக்கு?” என்பார்கள். ஓவர்டேக் வலது பக்கம் என்பது விதிப்படி சரிதான். ஆனால் நெரிசலில் ஷேர் ஆட்டோவும் பைக்கும் நுழைவது இடது சந்தில். நாம் கடைக்கோ சர்வீஸ் ரோட்டுக்கோ ஒதுங்குவதும் அதே பக்கம். வீட்டு வாசலில் இடிக்கிறது என்றால் மடக்கும் தண்டு உள்ள கண்ணாடி வாங்கலாம். கழற்றி டிக்கியில் போட்டு வைப்பதால் பின்னால் வருபவன் தெரியப்போவதில்லை.

கடையில் கையில் பிடித்து அழகு பார்த்து வாங்குவது அடுத்த தவறு. நானும் செய்தேன். குட்டையான தண்டில் கறுப்பு வட்டக் கண்ணாடி, மாட்டியதும் வண்டியே புதுசாகத் தெரிந்தது. காவேரிப்பட்டணம் போகும் வழியில் பார்த்தால் பாதிக்கு மேல் என் ஜெர்கின் கை, மீதி வானம். ஒரே வாரத்தில் பழையதே திரும்பியது.

வாங்கும் முன் கடை வாசலிலேயே மாட்டிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் பார்க்கக் கூடாது, அதில் வண்டி நிற்கும் சாய்வே வேறு. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஹெல்மெட்டோடு ஓட்டுகிற மாதிரி உட்காருங்கள். கண்ணாடியின் உள் ஓரத்தில் உங்கள் தோளோ கையோ கீற்றாகத் தெரிந்தால் போதும். சாலை அடிவானத்தைத் தொடும் இடம் ஏறக்குறைய நடுவில் வர வேண்டும். தினமும் பின்னால் ஆள் உட்காருவார் என்றால் அவரையும் ஏற்றிப் பாருங்கள். பின் ஸ்பிரிங் அமுங்கினால் கண்ணாடி கீழே பார்க்கும்.

கண்ணாடி தட்டையானதா, குவிந்ததா என்று கடையில் யாரும் கேட்பதில்லை. தட்டையானது உள்ளபடி காட்டும், ஆனால் அகலம் குறைவு. லேசாகக் குவிந்தது இரண்டு பக்க வண்டிகளையும் பிடிக்கும், நெரிசலுக்கு அதுதான் என் தேர்வு. ஒரு வினை உண்டு: எல்லாம் சிறிதாகத் தெரிவதால் தூரத்தில் இருப்பது போல ஏமாற்றும். தருமபுரி ரோட்டில் நீங்கள் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், பின்னால் லாரி 60-ல் வருகிறது என்றால் 25 மீட்டர் இடைவெளி மூன்றே நொடியில் தீரும். கண்ணாடியில் சின்னதாகத் தெரிகிறதே என்று வலப்பக்கம் ஏறிவிடாதீர்கள். திரும்பும் முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை வேண்டும். எந்தக் கண்ணாடிக்கும் பிடிபடாத மூலை ஒன்று இருக்கும்.

கண்ணாடித் தண்டை வண்டியில் முறுக்கி ஏற்றும் மரையில் செய்கிற தவறுதான் பர்ஸைக் கடிக்கும். 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும். யமஹா வண்டிகள் பலவற்றில் வலது பக்க மரை தலைகீழ், இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். தெரியாமல் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் போவது கண்ணாடி இல்லை, அது உட்காரும் இடம். பல வண்டிகளில் பிரேக் லிவரைப் பிடித்திருக்கும் பாகத்திலேயே அந்த மரை இருப்பதால் அதையே மாற்ற வேண்டி வரும். முதல் மூன்று சுற்று விரலாலேயே ஏற வேண்டும். ஏறவில்லையா, நிறுத்திவிடுங்கள். கடைசியில் தண்டு அசையாமல் பூட்டும் செக் நட்டை இறுக்காமல் விட்டால் நாற்பதைத் தாண்டியதும் கண்ணாடி நடுங்கி, பின்னால் வருவது பஸ்ஸா டெம்போவா என்றே தெரியாது.

ஹேண்டில் நுனியில் மாட்டுகிற கண்ணாடி டவுனுக்கு ஆகாது. சந்தில் நுழையும்போது முதலில் தட்டுவது அதுதான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் டூவீலர் ஸ்டாண்டில் வண்டி போடுபவர்கள் எடுத்ததும் இரண்டையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். யாராவது தலை சீவத் திருப்பியிருப்பார்கள். நேற்று என் இடது கண்ணாடி மேற்கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.